ஒரே அலுவலகத்திலிருந்து இரண்டு வேட்பாளர்கள்

வேட்புமனு தாக்கல் முடியும் நேரத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. எங்கள் வழக்கறிஞர் சங்கத் தேர்தலை நடத்தும் பொறுப்பிலிருந்த மூத்த வழக்கறிஞர் என் மனுவை வாங்கிக்கொண்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, செயலாளர் பதவிக்கு உங்க ஆபீஸ்லருந்தே ரெண்டு பேரு நிக்கிறீங்களா? ஒங்களுக்குள்ள பேசிக்கலையா?"

நான் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு வெளியே வந்தேன். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குப் போகவே கால் வரவில்லை.

மனு போட்ட அந்த இன்னொருவரும் நானும் ஒரே சீனியரிடம் ஜூனியராக இருந்தவர்கள். சீனியர் தொழிலை விட்டபோது இருவருமாகச் சேர்ந்து அந்த அறையைப் பிடித்தோம். அவருக்கு கிரிமினல், எனக்கு சிவில். வக்காலத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கும். அவர் பாலக்கோடு பக்கம் நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பம். என் அப்பா அம்மா பென்னாகரம் பக்கம் கூலி வேலை செய்தவர்கள். அதெல்லாம் எங்கள் அறைக்குள் ஒரு பேச்சாக வந்ததில்லை. ஒருவர் வாய்தாவுக்கு மற்றவர் போய் நிற்பதற்கு முன்கூட்டிக் கேட்கும் வழக்கம்கூட இருந்ததில்லை.

பதவியில் இருந்த செயலாளரை எதிர்த்து நிற்கப் போகிறேன் என்று ஒரு மாதம் முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். பெண் வழக்கறிஞர்களுக்கு உட்கார ஓர் அறை கிடையாது; நூலக பீரோவுக்குப் பின்னால் நின்றுதான் கவுன் மாட்டுவோம். எத்தனை முறை கேட்டும் நடக்கவில்லை. அதற்காகத்தான் நின்றேன். "நில்லுங்கம்மா, பாத்துக்கலாம்" என்றுதான் அவர் சொன்னார்.

அலுவலகத்தில் அவர் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் மனு போட்டிருக்கீங்களாமே?"

"சொந்தக்காரங்க எல்லாம் வூட்டுக்கே வந்துட்டாங்க. நம்ம ஆளுக ஓட்டு இவ்வளவு இருக்கு, நீ நிக்கலன்னா எப்படின்னு ஒரே பிடியா பிடிச்சாங்க. மறுக்க முடியல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் இருந்தன், மேடம்."

நீதிபதி முன்னால் தவிர அவர் என்னை மேடம் என்று அழைத்ததே இல்லை.

அதன் பிறகு அந்த அறையில் மூச்சு விடுவதே கஷ்டமாக இருந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவான குமாஸ்தா இரண்டு மேசையிலும் டீயை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றுகொள்வார். எனக்குப் போன் வந்தால் நான் வெளியே போய்ப் பேசுவேன். அவரைப் பார்க்க வழக்கறிஞர்கள் வந்தால் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றி மழை, வெயில் என்று ஆரம்பிப்பார்கள்.

ஓட்டுக் கேட்டு எல்லா ஊருக்கும் போனேன். பாலக்கோட்டில் வயதான வழக்கறிஞர் ஒருவர் உட்காரவைத்து மோர் கொடுத்தார். அவர் வாசலில் தக்காளி ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. "நீ நல்லா செய்வன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா என் ஓட்டு எங்க போவும்னு ஒனக்கே தெரியுமில்ல?" என்றார். ஒளிக்காமல் சொன்னாரே என்று அவர்மேல் மரியாதைதான் வந்தது. இளையவர்களும் பெண்களும் என் பக்கம் இருந்தார்கள். மும்முனைப் போட்டியில் ஓட்டு சிதறினால் எனக்கும் வாய்ப்பு உண்டு என்று கணக்குப் போட்டிருந்தேன்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்தது. 'நாமெல்லாம் வெயிலில் நின்று கோர்ட்டைப் புறக்கணித்த அன்று, திருட்டுத்தனமாக உள்ளே போய் ஜாமீன் வேலை பார்த்த அம்மாவுக்கா உங்கள் ஓட்டு?' பெயர் இல்லை. தேவையும் இல்லை. செயலாளர் பதவிக்கு நின்ற ஒரே பெண் நான்தான்.

போனது நான் அல்ல. அவர்.

பொங்கலுக்கு முந்தைய நாள் அது. ஒரு வழக்கறிஞரைப் போலீஸ்காரர் அடித்துவிட்டார் என்று சங்கம் புறக்கணிப்பு அறிவித்திருந்தது. எங்களிடம் வழக்குக் கொடுத்திருந்த கட்சிக்காரப் பெண் ஒருத்தி வரப்புத் தகராறில் கைதாகிச் சேலம் பெண்கள் சிறையில் இருந்தாள். ஜாமீன் கிடைத்துவிட்டது; ஜாமீன்தாரர்களைக் கோர்ட்டில் நிறுத்திக் கையெழுத்துப் போட வைப்பதுதான் பாக்கி. அன்றைக்கு விட்டால் விடுமுறை முடிந்துதான். வீட்டில் பால்குடி மறக்காத குழந்தை. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் மாமியார் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையோடு பின்வாசல் வழியாகப் போய் வேலையை முடித்துவிட்டு வந்தார். வந்ததும் என்னிடம் சொன்னார். "நல்ல காரியம் பண்ணீங்க" என்றேன். அன்று மாலையே அந்தப் பெண் வெளியே வந்தாள். இருவரும் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் வக்காலத்தில் என் பெயரும் இருந்ததே, அதை யாரோ பார்த்திருக்க வேண்டும்.

அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு என் கணவர், "உண்மையச் சொல்லிடு. ஒனக்கென்ன பயம்?" என்றார். பயம் இல்லை. நான் சொன்னால் ஓட்டுக்காக அவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். புறக்கணிப்பை மீறியவரைச் சங்கம் சும்மாவும் விடாது. அவரே சொல்லட்டும் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். சாயங்காலம் நானே கேட்டேன்.

"அந்த மெசேஜப் பாத்தீங்களா?"

"பாத்தன்."

"என்ன பண்றதா இருக்கீங்க?"

பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "இப்ப சொன்னா எங்க ஆளுகளே என்னை விட மாட்டாங்க. தேர்தல் முடியட்டும். கூட்டம் போட்டு நானே சொல்லிடறன்."

"முடிஞ்சப்புறம் சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது?"

அவர் குனிந்து கேஸ் கட்டைப் பிரித்தார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் மதியம் சங்க ஹாலில் வேட்பாளர் அறிமுகக் கூட்டம். நான் பேச எழுந்ததுமே பின்வரிசையிலிருந்து ஓர் இளைய வழக்கறிஞர் குறுக்கு விசாரணை மாதிரி ஆரம்பித்தார்.

"பாய்காட் அன்னிக்கு கோர்ட்டுக்குள்ள போனீங்களா, இல்லையா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

"நான் போகலைங்க. ஆனா அந்த வேலை நடந்தது உண்மை. அதுல எனக்கும் சம்மதம்."

"அப்ப போனது யாரு?"

"அத நான் சொல்ல மாட்டன்."

ஹால் இரைந்தது. "பொய்!" என்று ஒருவர். "அவங்க பேசட்டும்யா" என்று இன்னொருவர். தேர்தல் நடத்தியவர் மேசையைத் தட்டித் தட்டி அடக்கினார். பெண்களுக்கான அறையைப் பற்றி நான் தயார் செய்திருந்ததைப் பாதிப் பேர் கேட்கவில்லை. பேசி முடித்து முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

அடுத்து அவர். மைக் முன்னால் நின்று தண்ணீர் குடித்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். வாகன நிறுத்தம் பற்றிப் பேசினார். நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வாங்குவது பற்றிப் பேசினார். சேமநல நிதி பற்றிப் பேசினார். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் அடுத்தது அதுதான் என்று காத்திருந்தேன். "வணக்கம்" என்று சொல்லிவிட்டு என்னைக் கடந்து போய் உட்கார்ந்தார். கைதட்டினார்கள்.

தேர்தல் அன்று காலை வேட்பாளர்கள் எல்லோரும் ஹால் வாசலில் கை கூப்பி நின்றோம். அவரும் எனக்கு எதிர்ப்புறம் நின்றார். வெளியூர் வழக்கறிஞர்கள் முதல் பஸ்களில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டு வாய்தாவுக்குப் போய்விட்டார்கள். பதினொரு மணிவாக்கில் என் தோழி ஒருத்தி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அவரு என்ன சொல்லிட்டிருக்காருன்னு கேட்டியா?"

திரும்பிப் பார்த்தேன். வருகிறவர் ஒவ்வொருவரிடமும் அவர் போய் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்: "அன்னிக்கு உள்ள போனது நாந்தாங்க. அவங்க இல்ல. எனக்கு ஓட்டுப் போட வேணாம்." அவருடைய உறவினர் ஒருவர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். "ஒனக்கென்ன பைத்தியமா?" என்று பல்லைக் கடித்தார். அவர் கையை உதறிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

எனக்கு அழுகை வரவில்லை. யார் யார் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள் என்றுதான் மனம் எண்ணியது.

எண்ணிக்கையின்போது மூன்று அடுக்குகளாகச் சீட்டுகளைப் பிரித்தார்கள். என்னுடையதும் பதவியிலிருந்த செயலாளருடையதும் ஒரே உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தன. என் தரப்பு முகவர் மறு எண்ணிக்கை கேட்டார். இரண்டாம் முறையும் அதே முடிவுதான். விரல் விட்டு எண்ணிவிடும் வித்தியாசத்தில் நான் தோற்றேன். அவருக்கு மூன்றாம் இடம். வெளியே பட்டாசு வெடித்தார்கள். கூட்டத்தில் அவர் என்னைத் தேடி வந்தார்.

"நேத்தே சொல்லியிருந்தா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆமா" என்றார்.

பத்து நாளில் அவருக்குச் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. தீர்மானத்தை மீறியதற்கு ஏன் உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். படித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் மேசையில் வைத்திருந்தார். இரண்டு நாள் அதைப் பார்த்தேன். மூன்றாம் நாள் எடுத்துக்கொண்டேன்.

"பதில் நான் எழுதறன்."

"நீங்க எதுக்கு…"

"அன்னிக்கு நல்ல காரியம்னு சொன்னது நாந்தான்."

கோபம் தீரவில்லை. ஆனால் அந்தக் குழந்தைக்காகப் போனது குற்றம் என்று ஆகிவிட்டால், நானும் அதைக் குற்றம் என்று ஒப்புக்கொண்டது போல் ஆகும்.

செயற்குழு கூடிய அன்று செயலாளர் என்னைப் பார்த்து வியந்துபோனார்.

"மேடம், இவராலதான நீங்க தோத்தீங்க? இவருக்காக நீங்க வர்றீங்களா?"

"அது எனக்கும் இவருக்கும் உள்ளது. இங்க இவரு என் கட்சிக்காரர். போலீஸ் அடிச்சதக் கண்டிச்சுதான் நாம தீர்மானம் போட்டோம். ஒரு தாய பொங்கலுக்கு ஜெயில்ல வெக்கணும்னு யாராவது போட்டோமா? அப்படி ஒரு வரி இருந்தா காட்டுங்க, நான் இப்பவே உக்காந்துடறன்."

வாக்குவாதம் நெடுநேரம் ஓடியது. தீர்மானம்னா தீர்மானம்தான் என்று ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள்; அடுத்த தேர்தலில் எந்தப் பதவிக்கும் நிற்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அவர் தலையாட்டினார். சிறையிலிருந்து விடுவிக்கும் வேலைகளுக்குப் புறக்கணிப்பில் விலக்கு வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்ததற்கு, "பார்க்கலாம்" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வெளியே வந்து சாலையைக் கடக்க நின்றோம்.

"அன்னிக்கு மைக் முன்னாடி சொல்லணும்னுதான் நெனச்சன்," என்றார். "முன்வரிசையில எங்க மாமா உக்காந்திருந்தாரு."

"நானும் முன்வரிசையிலதான் உக்காந்திருந்தன்" என்றேன்.

ஒரு லாரி போய், பஸ் ஒன்று போனது. வழி கிடைத்ததும் இருவரும் சாலையைக் கடந்தோம்.