பாதிக் கோபுரத்தில் ஒரு கதவு

அவள் வேலை பார்த்தது துணி திருத்தும் கடையில். பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, கெட்டுப்போன ஜிப்பை மாற்றுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பது, பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது. கடை மூன்றாம் மாடியில் இருந்தது. அவளுடைய மெஷின் ஜன்னலோரம். ஜன்னலுக்கு நேரே பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள்.

பல வருடங்களாகப் பார்த்துப் பார்த்துச் சலித்த கோபுரங்கள்தான். இருந்தாலும் இடப்பக்கக் கோபுரத்தின் பாதி உயரத்தில் இருந்த மரக்கதவு மட்டும் அவளை விடவில்லை. கதவுக்கு வெளியே படி இல்லை, நிற்க ஒரு திட்டுகூட இல்லை. திறந்து கால் எடுத்து வைத்தால் நேரே தெருவில்தான் விழ வேண்டும்.

"அங்க எதுக்குக் கதவு?" என்று கணவனிடம் கேட்டாள்.

"உனக்கு இருக்கிற கவலையெல்லாம் போதாதா?" என்றான் அவன்.

ஒருநாள் காலையில் அந்தக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரே இருட்டு. ஆள் யாராவது தெரிகிறார்களா என்று கழுத்தை நீட்டியவள், மெஷினிலிருந்து காலை எடுக்க மறந்துவிட்டாள். யாரோ ஒருவரின் பேன்ட் கால், நுழைய வழியில்லாமல் குறுக்கே தைபட்டுப் போனது. அதைப் பிரித்து முடித்து நிமிர்ந்தபோது கதவும் மூடியிருந்தது. மேலே ஏறிப் பார்த்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தாள்.

கணவனை அழைத்துப் பயனில்லை. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டுவதற்கே அவனுக்குத் தலை சுற்றும். அதனால் கீழ்வீட்டில் குடியிருந்த நாத்தனாரைப் பிடித்தாள்.

"லிஃப்ட் இருக்கா அண்ணி?"

"அந்தக் காலத்துல கட்டினது. லிஃப்டா வச்சிருப்பாங்க?"

"அப்ப என் முட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

நாத்தனாரின் முட்டியைப் பழக்க அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு பேரும் வேலை முடிந்து வந்ததும் குடியிருப்பின் மாடிப்படிகளில் ஏறி இறங்கினார்கள். நாத்தனார் நாலு நாளில் கழன்றுகொண்டாள். இவள் மட்டும் விடவில்லை. தரைத்தளத்து அம்மா நாத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அண்ணன் வீட்ல ஏதாவது சண்டையா? அண்ணி தினமும் விறுவிறுன்னு வாசல் வரைக்கும் வர்றாங்க, அப்புறம் மனசு மாறித் திரும்பிப் போயிடறாங்களே" என்று கேட்டார்.

"எங்க அண்ணனோட குறட்டைக்கு அவங்க எப்பவோ போயிருக்கணும். அது வேற விஷயம்" என்றாள் நாத்தனார்.

முதல் தடவை இருவரும் போனபோது காற்று பலமாக இருக்கிறதென்று கோபுரத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் போனார்கள். அன்றைக்கு வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

படிகள் திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றி ஏறின. ஒவ்வொரு கல்லும் நடுவில் குழிந்திருந்தது. கைப்பிடிக்குப் பதில் தடித்த கயிறு. இறங்குகிறவர்கள் எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"நீங்க முன்னாடி போங்க அண்ணி. நீங்க விழுந்தா நான் மெத்தை மாதிரி தாங்கிக்கறேன்" என்றாள், உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் நாத்தனார்.

அவளோ சுவரையே பார்த்துக்கொண்டு ஏறினாள். எங்கேயும் அந்தக் கதவு வரவில்லை. உச்சியில் எல்லோரும் கைப்பிடிச் சுவரோரம் நின்று ஊரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஊரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கம்பளிக் குல்லாய் போட்ட கோபுரக் காவலரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, வெளியிலேர்ந்து பார்த்தா பாதியில ஒரு கதவு தெரியுதே, அது எங்க இருக்கு?"

காவலர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் பாத்ரூம் எங்கன்னுதான் கேப்பாங்க. நீங்க எப்படி அதைப் பார்த்தீங்க?"

"எதிர்க் கட்டடத்துலதான் தைக்கிறேன். ஒருநாள் திறந்துகூட இருந்துச்சு."

"அதுவா? புறா ஒண்ணு உள்ள மாட்டிக்கிட்டு முட்டி மோதிக்கிட்டு இருந்துச்சு. கதவைத் திறந்து வச்சுட்டு, மூலையில மூச்சு காட்டாம நின்னேன். அது வெளிய போறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

"புறா போறதுக்கா கதவு வச்சாங்க?"

காவலர் சிரித்துவிட்டார். கூட்டம் குறைந்ததும் இருவரையும் கூட்டிக்கொண்டு இறங்கி, படிச்சுவரில் இருந்த சின்ன வாசல் ஒன்றைத் திறந்தார். ஏறும்போது அதை அவள் ஏதோ சாமான் அறை என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தாள்.

உள்ளே, அறையை அடைத்துக்கொண்டு ஆளுயரத்தைப்போல் இரண்டு மடங்கு பெரிய மரச்சக்கரம் நின்றது. அதன் எதிர்ச் சுவரில் அந்தக் கதவு.

"கோபுரம் கட்டினப்போ இந்தச் சக்கரத்துக்குள்ள ரெண்டு ஆள் நடப்பாங்க. நடக்க நடக்கக் கயிறு சுத்தும். கீழேயிருந்து கல்லு, மரம், மணி எல்லாம் மேல வரும். அந்தக் கதவு வழியா உள்ள இழுத்துப்பாங்க."

நாத்தனார் சக்கரத்தையே பார்த்தபடி, "சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், 'இன்னிக்கு எங்க போனீங்க'ன்னு பொண்டாட்டி கேட்டா என்ன சொல்லியிருப்பாங்க? காலையிலேர்ந்து நடந்தேன், எங்கயும் போகலைன்னா?" என்றாள்.

அவளோ கதவருகே போனாள். கையை அகல விரித்துக் கதவை அளந்தாள். பிறகு சக்கரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே, கதவு சின்னது. படியும் குறுகல். இவ்வளவு பெரிய சக்கரம் உள்ள எப்படி வந்துச்சு?"

காவலர் கதவையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு மூன்று பேரும் குனிந்து, ஒரு டார்ச் வெளிச்சத்தில் சக்கரத்தைச் சுற்றி வந்தார்கள். மரத்துண்டுகள் சேர்கிற இடந்தோறும் உளியால் கீறிய அடையாளங்கள் இருந்தன. ஒரு கோடு போட்ட துண்டு ஒரு கோடு போட்ட துண்டோடும், இரண்டு கோடு இரண்டு கோட்டோடும் சேர்ந்திருந்தன.

"துண்டு துண்டா கொண்டாந்து இங்கயே மாட்டியிருக்காங்க" என்றார் காவலர், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "தினமும் இதைத் தாண்டித்தான் போறேன். ஒருநாள்கூடப் பார்த்ததில்ல."

வெளியே வந்தபோது இருவருக்கும் கால்கள் வெடவெடத்தன. பேராலயத்தின் முன்னால் இருந்த கல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். டிக்கெட்டில் இன்னொரு கோபுரமும் சேர்த்தி என்று நாத்தனார் அப்போதுதான் கவனித்தாள். "கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு அதுலயும் ஏறிடலாம் அண்ணி" என்றாள்.