கண்ணுக்குள் ஒரு நீர்மட்டம்

வலது கண்ணில் கீழேயிருந்து ஒரு கறுப்பு ஏறியபோது நான் கேமராவைத்தான் சந்தேகப்பட்டேன். மட்டாஞ்சேரிக் காயல் கரையில் சேற்றால் ஓர் ஆளைச் செய்து கிடத்தி, ஏறிவரும் தண்ணீர் அவனைக் கரைப்பதைப் படம் பிடித்துக்கொண்டிருந்த நாட்கள். கரை எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறான்? அதுதான் படம். லென்ஸைத் துடைத்தேன். மறுநாளும் துடைத்தேன். கேமரா பைக்குள் போன பிறகும் கறுப்பு நிற்பது உறைக்கவே சில நாட்கள் ஆயின.

அக்கா என் இடது கண்ணைப் பொத்தினாள். "என்னைத் தெரியுதாடா?"

"கழுத்துக்குக் கீழ நீ இல்லக்கா."

"தலையும் போறதுக்குள்ள கெளம்பு."

எர்ணாகுளத்தில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். விழித்திரை விலகல் (கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், ஒளியை வாங்கும் படலம் பிரிந்துவருவது).

"படலத்தோட நடுபாகம் இன்னும் விட்டுப்போகல. விட்டா இந்தக் கண்ணால படமெடுக்கிறது பாடாக்கும்."

மறுநாளே அறுவைச் சிகிச்சை. விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிடுவது) செய்து, படலத்தை அழுத்திப் பிடிக்க உள்ளே வாயுக் குமிழி ஒன்றை வைத்தார்கள். குமிழி மேலே போகும். அது அழுத்த வேண்டியதோ கண்ணின் பின்சுவரை. எனவே முகம் கீழே இருக்க வேண்டும்.

"ரெண்டு வாரம் குனிஞ்சே கிடக்கணும், கேட்டோ."

ஓரிடத்தில் நிற்காதவன் நான். இப்போது தரை மட்டும். சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் தரையைப் பார்த்தபடி. சாயாவை ஸ்ட்ராவோடு என் மூக்குக்குக் கீழே வைத்து, "புதையல் கெடச்சா எனக்கும் பாதி" என்பாள் அக்கா. களிமண் கேட்டேன், கொண்டுவந்தாள். ஒரு காது செய்வதற்குள் கை சோர்ந்துவிட்டது. மண் காய்ந்தது. கழுத்து என்னுடையதாக இல்லை.

நிமிர அனுமதி கிடைத்தபோது கண்ணுக்குள் ஒரு கோடு கிடந்தது. மேலே வெளிச்சம், கீழே கலங்கல். தலையைச் சாய்த்தாலும் அது சாயவில்லை. குமிழி சுருங்கச் சுருங்கக் கோடும் நாள்தோறும் கொஞ்சம் இறங்கியது. எந்தக் கரையிலும் எனக்குக் கிடைக்காத அடிவானம். பார்க்கத்தான் தெம்பில்லை.

உங்களுக்கும் இப்படிக் கறுப்பு ஏறினால் எதையும் துடைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். அன்றே போய்க் காட்டுங்கள்.

படலம் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் கண்ணுக்கு நேர்கோடுகள் நடுவில் லேசாகக் குழிகின்றன. அது அப்படியே இருந்துவிடலாம் என்றார் டாக்டரம்மா.

குமிழி முழுதும் கரைந்தபின் மறுபடி சேற்று ஆளைச் செய்தேன். கேமராவின் மேல், கொத்தனார்கள் சுவருக்கு மட்டம் பார்க்கும், உள்ளே குமிழி ஓடும் ரசமட்டத்தை வைத்தேன்.

"குமிழி நடுவுல நிக்குதாக்கா?"

"நிக்குது. உன் கண்ணுதான் கோணல்."

முன்பெல்லாம் தண்ணீர் அவன் மார்பைத் தொட்டதுமே நிறுத்திவிடுவேன். அன்று தோள் போயிற்று, முகம் போயிற்று. கால் கடுத்தது. "போதுமாடா?" என்றாள் அக்கா. கேமராவில் கேசட் எப்போதோ தீர்ந்திருந்தது. நான் நிமிர்ந்தபடி நின்றுகொண்டிருந்தேன்.