விரலை எடுக்காதவர்

டெல்லி துவாரகாவில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் விமான நிலையத்தில் வேலை பார்த்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். அவரிடம் இருந்த பழைய பெட்டி மாதிரியான கம்ப்யூட்டர் மானிட்டர் சிறிது நேரம் ஓடியதும் அணைந்துவிடும். எந்தப் பாகம் சூடாகிறது என்று கண்டுபிடிக்க, பிளக்கைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொட்டு எடுப்பார்.

அன்று நான் டார்ச் பிடித்திருந்தேன். அவருக்குப் போன் வந்தது. "அச்சா... சரி" என்று மட்டும் சொல்லி வைத்தார். மறுபடி உள்ளே தொட்டவர் விரலை எடுக்கவேயில்லை. நான்தான் அவர் கையை இழுத்தேன். நுனி கொப்பளித்திருந்தது.

"சுடலையா சார்?"

"ஊர்ல அம்மா போயிட்டாவ" என்றார். "இந்தப் பாகம்தான் சூடாவுது. மாத்தணும்."

இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். குழாயைத் திறந்து அவர் விரலைத் தண்ணீரில் பிடித்தேன். போதுமா என்று கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது.