ஆர்டித் கூபிக் யாரை விலக்கினார், யாரை விட்டுவைத்தார்

அக்டோபர் கடைசியில், மக்காச்சோள அறுவடை பாதியில் இருக்கும்போது, ஆர்டித் கூபிக் தம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை ஒவ்வொருவராக நகலெடுக்கும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். வெளியே வருகிற பிள்ளை அந்த வாரமே கல்லூரிப் பதிவிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும். ஆனால் வகுப்பை விட்டுப் போகாது. அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே கட்டுரைகளை எழுதி, பள்ளி மதிப்பெண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளும். நான் அந்தப் பள்ளி அலுவலகத்தில் வருகையும் மதிப்பெண்களும் பதிந்துவந்தவன். என் மேசையிலிருந்து அந்தக் கதவு நேராகத் தெரியும். உள்ளே என்ன பேசினார்கள் என்பது மட்டும் ஒரு வருடமும் என் காதில் விழுந்ததில்லை.

ஆர்டித் செக் நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண். புருஷன் லெனர்ட் மாரடைப்பில் போன பிறகு இரண்டு வருடம் தனியாகவே நிலத்தைப் பார்த்தார். பிறகு அதை ஹெல்லர் குடும்பத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பழைய ஆசிரியர் வேலைக்குத் திரும்பினார். அந்த நிலத்தைத் தீவனக்கடைக்காரர் கேல் ஷ்ராமும் கேட்டிருந்தார். அவருக்குக் கொடுக்கவில்லை.

பக்கத்துப் பெரிய ஊர்ப் பள்ளிகளில் கல்லூரித் தரத்துப் பாடம் நடத்தும் ஏ.பி. வகுப்புகள் உண்டு. மே மாதம் ஒரு தேர்வு. சரியாக வராவிட்டால் அந்த மதிப்பெண்ணை எந்தக் கல்லூரிக்கும் அனுப்பாமல் விட்டுவிடலாம். எங்களுடையது சின்னப் பள்ளி. அடுத்த மாவட்டத்துக் கல்லூரியோடு சேர்ந்து நடத்தும் வகுப்புதான் எங்களுக்கு வாய்த்தது. கல்லூரியிலும் பெயரைப் பதிந்துகொண்டு, பள்ளி நாற்காலியிலேயே உட்கார்ந்து கல்லூரிப் பாடத்தை முடிக்கலாம்; மதிப்பெண் இரண்டு இடத்திலும் ஏறும். அதை நடத்துகிற ஆசிரியர் தம் பாடத்தில் மேல்படிப்பும் படித்திருக்க வேண்டும் என்பது கல்லூரியின் நிபந்தனை. எங்கள் ஆசிரியர்களில் யாருக்கும் அது இல்லை. ஆர்டித் மூன்று குளிர்காலம் பனியில் கார்னி நகரத்துப் பல்கலைக்கழகம் வரை கார் ஓட்டிப்போய்ப் படித்து முடித்தார்.

தானியக் கூட்டுறவுக் கிடங்கில் காலைக் காப்பிக்குக் கூடுகிறவர்கள் அப்போதே சந்தேகப்பட்டார்கள். அங்கே பகடை உருட்டித் தோற்றவர் காப்பிக்குக் காசு கொடுப்பார்; பேச்சு இலவசம்.

"அம்பது வயசுல பள்ளிக்கூடம் போறவங்க ஒண்ணு புருஷன் தேடுறாங்க, இல்ல சம்பளம் தேடுறாங்க."

"ஆர்டித் ரெண்டாவதுதான். மொத புருஷனே அவங்களுக்கு அதிகம்."

வகுப்பு தொடங்கிச் சில வருடங்களில் சந்தேகத்துக்கு உருவம் கிடைத்தது. படிப்பில் மங்கலான பிள்ளைகளைக் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் நல்ல மதிப்பெண்களைக் கல்லூரிக்குக் காட்டுகிறார். அப்படித்தான் வகுப்பைக் கையில் வைத்திருக்கிறார் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்றுதான் பொருந்தவில்லை. அவர் கூப்பிட்டவர்கள் எல்லோரும் மங்கல் இல்லை. மங்கலானவர்கள் எல்லோரையும் கூப்பிடவும் இல்லை. எனக்கு அது சந்தேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. கணக்குப் புரியாவிட்டால் கணக்குப் போட்டவரைத்தான் முதலில் பார்ப்பேன்.

2011 இலையுதிர்காலத்தில் அவர் ஜோலின் ஷ்ராமைக் கூப்பிட்டார். தீவனக்கடை ஷ்ராமின் மூத்த மகள். அவளுக்கு பி தரம். அதே வகுப்பில் கோல்ட்டன் ஹெல்லருக்கு அதற்கும் கீழே, சி. அதை அவனே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தான். அவனைக் கூப்பிடவில்லை.

மறுநாள் ஷ்ராம் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அலுவலகத்துக்குள் வந்தார். ஆர்டித் அப்போது என் மேசையருகே நின்று தபால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணு பி. அவள வெளிய போகச் சொல்றீங்க. குத்தகைக்காரன் பையன் சி. அவன் உள்ள இருக்கான். எனக்குக் கணக்கு வராதுன்னு நினைச்சீங்களா?"

"வெளிய போகச் சொல்லல, கேல்."

"அப்புறம் என்ன சொன்னீங்க?"

"அத ஜோலின்கிட்ட கேளுங்க."

"அவ வாயத் திறக்க மாட்டேங்கிறா. என்ன பயமுறுத்தி வச்சிருக்கீங்க?"

"அவ பேரு கல்லூரிப் பதிவுல இருக்கு. கல்லூரி விஷயத்துல அவளுக்கு வயசு பதினேழா இருந்தாலும் பேச்சு அவளோடது. அப்பா அம்மாகிட்டகூட நான் சொல்லக்கூடாது."

"வசதியான சட்டம்."

"எனக்கு வசதியா இருந்தா இப்ப இங்க நின்னு உங்ககிட்ட திட்டு வாங்கிக்கிட்டிருப்பேனா?"

ஷ்ராம் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாம இங்க ஒரு காகிதம் நகராதே."

சட்டம் அப்படித்தான் என்றேன். உண்மை. ஆனால் ஆர்டித் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

ஷ்ராம் பள்ளி வாரியத்துக்குப் புகார் கொடுத்தார். கல்லூரி வகுப்பை ஆர்டித்திடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கேட்டார். வாரியம் நவம்பர் கூட்டத்தில் முடிவு செய்வதாகச் சொன்னது. ஆர்டித் நடத்திய வகுப்புகளில் அது ஒன்றே ஒன்றுதான் அவர் விருப்பப்பட்டு எடுத்தது. மற்றவை சும்மா கால அட்டவணையில் விழுந்தவை.

கூட்டத்துக்கு முன்பே பெயர் எடுக்கக் கடைசி நாள் வந்துவிட்டது. அன்று மாலை பேருந்துகள் போன பிறகு ஜோலின் என் மேசைக்கு வந்தாள்.

"கல்லூரிப் பதிவிலேர்ந்து என் பேர எடுக்கணும்."

"மிசஸ் கூபிக் சொல்லித்தானா?"

"நான் சொல்றேன். அப்பாவுக்கு போன் பண்ணுவீங்களா?"

"பண்ணக்கூடாது."

"பண்ணக்கூடாதா, பண்ண மாட்டீங்களா?"

"ரெண்டும்."

கையெழுத்துப் போட்டுவிட்டு, காரணம் சொல்லாமல் போனாள். அப்பா ஊரைக் கூட்டிச் சண்டை போடும்போது மகள் எதிராளி சொன்னதைச் செய்கிறாளே, இதற்குப் பின்னால் என்ன என்று யோசித்துக்கொண்டே கதவைப் பூட்டினேன்.

வாரியம் பள்ளி நூலகத்தில் கூடியது. கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் வேலைதான். தலைவர் வெர்லா பாமர்ட் சுற்றி வளைக்கிறவர் இல்லை.

"ஆர்டித், நேரா கேட்கிறேன். கேல் சொல்றது உண்மையா? அவர் பொண்ணக் கூப்பிட்டீங்க, ஹெல்லர் பையனக் கூப்பிடல?"

"உண்மை."

"ஏன்?"

"அது எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் நடுவுல பேசினது."

"வாரியம் கேட்குது."

"வாரியம் கேட்டாலும் அதேதான்."

"பாத்தீங்களா," என்றார் ஷ்ராம், எல்லோரையும் பார்த்து.

பின்வரிசையில் ஜோலின் எழுந்தாள். அவள் வந்திருந்ததை அப்பாவே கவனித்திருக்கவில்லை.

"அவங்க என்ன வெளிய போகச் சொல்லல. பள்ளிக்கூடம் முடிச்சு எங்க போகப்போறேன்னு கேட்டாங்க. கால்நடை டாக்டருக்குப் படிக்கணும்னு சொன்னேன். அங்க சேர்க்கும்போது நாம வாங்கின கல்லூரி மார்க் அத்தனையும் கூட்டிப் பாப்பாங்களாம். பள்ளிக்கூடத்துல உட்கார்ந்து வாங்கினதையும் சேர்த்து. இந்த பி கடைசிவரை கூடவே வரும், இருக்கிறதும் எடுக்கிறதும் உன் இஷ்டம்னாங்க. நான் எடுத்துட்டேன்."

"கோல்ட்டனுக்கு மட்டும் வராதா?" என்றார் வெர்லா.

"அவன் மின்கம்பம் ஏறுற வேலைக்குப் படிக்கப் போறான். அங்க பாஸ் பண்ணியிருந்தா போதும், இந்தப் பாடத்த மறுபடி படிக்க வேணாம். அவனுக்கு சி லாபம்."

"நான் உழைச்சு வாங்கின சி," என்றான் கோல்ட்டன் சுவரோரத்திலிருந்து. சிலர் சிரித்தார்கள். ஷ்ராம் சிரிக்கவில்லை.

"கால்நடை டாக்டரா? எப்பலேர்ந்து?"

"ஆறாவதுலேர்ந்துப்பா."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"நீங்க கடை லாரியில 'ஷ்ராமும் மகளும்'னு பெயின்ட் அடிச்சிட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

ஷ்ராம் உட்கார்ந்துவிட்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வெர்லா அப்படி நினைக்கவில்லை.

"சரி, இவ விஷயம் புரிஞ்சுது. மத்தவங்க? இத்தன வருஷமா நீங்க கூப்பிட்ட பிள்ளைங்க எல்லாருமா டாக்டருக்குப் போனாங்க?"

"அவங்க வந்து சொன்னா கேட்டுக்குங்க. நான் சொல்ல மாட்டேன்."

"எங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்?"

"வராதுதான்."

வாரியம் கலந்து பேசி ஒரு நிபந்தனையோடு வந்தது. வகுப்பு அவரிடமே இருக்கலாம். ஆனால் இனிமேல் பிள்ளைகளைத் தனியே கூப்பிடும்போது பள்ளி முதல்வர் டுவேன் வெல்னிட்ஸும் அறையில் இருக்க வேண்டும்.

"டுவேன் நல்லவர்," என்றார் ஆர்டித். "ஆனா அவர் தினம் காப்பி குடிக்கிறது கிடங்குல. அங்க பகடை உருட்டுறவங்க எல்லாம் இந்தப் பிள்ளைங்களோட அப்பாக்கள். அவர் எதிர்ல எந்தப் பிள்ளை வாயத் திறக்கும்?"

"அப்ப இந்த நிபந்தனைக்கு ஒத்துக்க மாட்டீங்க?"

"எங்க போகப்போறேன்னு பிள்ளைங்ககிட்ட கேக்காம மார்க் போட என்னால முடியாது. வகுப்ப வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க."

கொடுத்துவிட்டார்கள். ஜனவரியிலிருந்து கல்லூரியிலிருந்தே ஒருவர் திரையில் வந்து பாடம் நடத்தினார். ஆர்டித் ஓய்வு பெறும்வரை ஒன்பதாம் வகுப்புக்கு வாக்கியம் எழுதக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் எனக்கிருந்த சந்தேகம் முழுவதும் தீர்ந்தது என்று எழுதினால் பொய்யாகும். அவர் கூப்பிட்டவர்களில் இரண்டு பேர் எங்குமே மேலே படிக்கப் போகவில்லை. அவர்களை எதற்கு விலக்கினார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டார்.

அடுத்த அக்டோபரில் அந்த நகலெடுக்கும் அறைக்குள் யாரும் கூப்பிடப்படவில்லை. திரையில் வருகிறவருக்கு எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் பெயர் தெரியாது. எல்லோரும் கல்லூரிப் பதிவிலேயே இருந்தார்கள். கடைசி நாளுக்கு முந்தின வாரம் ஷ்ராம் மறுபடி அலுவலகத்துக்கு வந்தார். இந்தத் தடவை தொப்பி கையில் இருந்தது. இளைய மகள் கார்லி அந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

"அவ எப்படிப் படிக்கிறா?"

"நான் சொல்லக்கூடாது, கேல்."

"பேரு இருக்கட்டுமா, எடுக்கட்டுமா? அதையாவது சொல்லுங்க."

"அதுவும் எனக்குத் தெரியாது."

"யாருக்குத்தான் தெரியும்?"

அவர் தொப்பியின் விளிம்பைத் தடவினார். பிறகு கூடத்தைத் தாண்டி ஒன்பதாம் வகுப்பு வாசலுக்குப் போய்த் தட்டினார். ஆர்டித் கதவைப் பாதி திறந்தார். ஷ்ராம் தணிந்த குரலில் என்னவோ கேட்டார், எனக்குக் கேட்கவில்லை. ஆர்டித் சொன்னது மட்டும் கேட்டது.

"கார்லிய வரச் சொல்லுங்க. நீங்க வர வேணாம்."