ஒரு கூரை, இரண்டு கதவு

“…நீங்கள் ஒருக்காப் பார்த்துத் தந்தா எனக்குப் பயமில்லை அண்ணை.”

அப்படிச் சொல்லித்தான் நேசன் படங்களைத் தந்தான். அதில் ஒரு பிழை இருந்தது. கண்டேன். கண்டும் வாயைத் திறக்கவில்லை. பொறாமை! உங்களிடம் சொல்ல வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு வருடமாக, நாங்கள் வந்து குடியேறிய ஹரோவின் நூலகத்தில் குந்தியிருந்து, வர்ஜீனியாவின் பழைய கட்டடங்களைப் பற்றி வாசித்தவன் நான். அங்கே போலவே எங்கள் ஊரிலும் புகையிலைதானே... அதில் பிடித்த பைத்தியம். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து நீதிமன்றம், செங்கல் தேவாலயம், புகையிலைக் கொட்டில்... ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. நேசனோ மகளைப் பார்க்க அங்கே போன இடத்தில், இரண்டே கிழமையில் ஒரு நாட்டுப்புற மாவட்டத்தையே படம்பிடித்து வந்துவிட்டான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு மண்டபத்தில் அவற்றைக் காட்டிப் பேசப்போகிறானாம். என்னை ஒருநாளும் எவரும் பேசக் கேட்டதில்லையே!

பிழை இதுதான். ஒரு படத்தில், பெரிய மாளிகை ஒன்றின் பின்னால் சின்ன வீடு. ஒரு கூரை, இரண்டு கதவு, நடுவில் ஒரு புகைபோக்கி. ‘எங்கள் ஹரோ வீடுகள் போல, அண்ணன் தம்பி பாதி பாதியாக இருந்த வீடு’ என்று கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தான். அடிமைகளைக் குடிவைத்த வீடு அது! கதவுக்கு ஒரு குடும்பம். பார்த்த கணமே தெரிந்தது. ‘எல்லாம் சரி’ என்று திருப்பிக் கொடுத்தேன். சபை சிரிக்கட்டும் என்றுதானே நினைத்தேன்?

சனிக்கிழமை யாரும் சிரிக்கவில்லை. நேசன் கூட்டி வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மா, ஜமேக்காவில் பிறந்தவர், மெல்ல எழுந்தார். அங்கே இருந்தவர்கள் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் என்றார். தன் முன்னோரும் அப்படியொரு வீட்டில்தான் இருந்தார்களாம். நான் காயப்படுத்த நினைத்தது அவரையா?

நேசன் அவரிடம் மன்னிப்புக் கேட்டான். பிறகு என்னைப் பார்த்தான். படங்களைச் சரிபார்த்தது நான்தான் என்று தொடக்கத்திலேயே சபைக்குச் சொல்லியிருந்தான். இப்போது எல்லாத் தலைகளும் என் பக்கம். எழுந்து சொல்லியிருக்கலாம்... இருந்த இடத்திலேயே இருந்தேன்!

அவன் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

“இந்தப் படத்தை மட்டும் நான் அண்ணைக்குக் காட்டேல்லை. காட்டியிருந்தா அவர் விட்டிருக்க மாட்டார்.”

சொல்லிவிட்டு, அடுத்த படத்தைப் போட்டான்.