பதினோரு பேருக்குப் பரிவட்டம்

நம்பிக்கையானவர்களுக்கு எல்லா உரிமையையும் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். தொண்ணூறுகளின் நடுவில், ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்தபோது வந்த எரிச்சல் அது. இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

ஒண்டிக்கடைச் சந்திப்பிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் எங்கள் ஆபீஸ். அங்கே ஒரு சர்வர் வந்து இறங்கியது. எஸ்டேட்டில் யார் எந்தெந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்ற பதிவு முழுவதும் அதன் டேட்டாபேஸுக்குள் போனது. அதைக் கவனிக்க என்னை எடுத்தார்கள். அந்த ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண். யாருக்கு என்ன உரிமை என்பதை நான்தான் அமைத்தேன். பெரும்பாலானவர்களுக்குப் பார்க்க மட்டும் உரிமை. ஆள் கணக்கு எழுதும் ஹெட் ரைட்டருக்கு அன்றன்றைய வருகையைச் சேர்க்கும் உரிமை. எதையும் அழிக்கவும் அடுத்தவருக்கு உரிமை வழங்கவும் முடிகிற அட்மின் உரிமை என்னிடம் மட்டும் இருந்தது.

இது மேனேஜருக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, ரைட்டர் இருபது வருசமா இங்க இருக்காரு. நேத்து வந்த புள்ள உன்னையக் கேட்டுத்தான் அவரு ஒரு பேரைத் தூக்கோணுமா?”

“அவரு மேல மரியாதை நொம்ப இருக்குதுங்க சார். ஆனா அவரு வேலைக்கு அழிக்கற உரிமை தேவையில்லீங்க.”

“அப்ப அவரை நீ நம்பலைங்கற.”

கோயிலில் பரிவட்டம் கட்டுகிற மாதிரி ஆக்கிவிட்டார்கள் அட்மின் உரிமையை. யாருக்குக் கட்டினார்கள், யாரை விட்டார்கள் என்பதே பேச்சு. மூன்று நாள் முரண்டு பிடித்தேன். நாலாம் நாள் எழுத்தில் உத்தரவு வந்தது. மேனேஜரையும் ரைட்டரையும் சேர்த்து ஐந்து பேருக்குக் கொடுத்தேன். அந்த ஐவரும் யார் மனமும் கோணக்கூடாது என்று தங்களுக்கு வேண்டியவர்களுக்கும் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் பதினோரு பேர். அதில் நாலு பேர் கீபோர்டைத் தொட்டதே கிடையாது.

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த வாரம், கரடியூரிலிருந்து ஒரு பெண் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். பத்து வருடமாக எங்கள் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிப்பவர். விடாமல் வேலைக்கு வந்தவர்களை நிரந்தரமாக்கும் பட்டியலில் அந்த வருடம் அவர் பெயர் வர வேண்டும்.

“ஏனுங்க அம்மிணி, மேஸ்திரி பட்டியல்ல எம் பேரைப் படிச்சதும் நானும் எந்திரிச்சேன், இன்னொருத்தியும் எந்திரிச்சா. ஒரு பேருதான் இருக்குது, நீ உக்காருன்னு என்னையச் சொல்லிப்போட்டாருங்க. நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?”

அவர் நம்பரைப் போட்டுத் தேடினேன். ஆளே இல்லை. பத்து வருட நாட்களும் இல்லை. அழித்தவர் ஹெட் ரைட்டர் என்று சர்வரின் குறிப்பு காட்டியது. ஒரே பெயர், ஒரே புருஷன் பெயர், ஒரே ஊர் என்று இரண்டு பதிவுகளைப் பார்த்ததும், ஒரே ஆளை இரண்டு தடவை ஏற்றிவிட்டோம் என்று நினைத்து ஒன்றைத் துடைத்துவிட்டார். மலையூர்களில் ஆண்களில் பாதிப் பேருக்குச் சேர்வராயன் சாமியின் பெயர்தான். பெண்களுக்கும் நாலைந்து பெயர்களே சுற்றிச்சுற்றி வரும். நோட்டில் எழுதிய காலத்தில் அவருக்கு ஆளின் முகம் எதிரே இருந்தது. கம்ப்யூட்டரில் முகம் ஏது? விஷயம் தெரிந்ததும் மனிதர் நொறுங்கிப் போனார். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அதைத்தான் நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பட்டியல் மெட்ராஸ் தலைமை ஆபீஸுக்குப் போயிருந்தது. “உடும்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம். இப்பக் கிளறுனா ரைட்டர் பேரு கெட்டுரும்” என்றார் மேனேஜர்.

ரைட்டர் பெயர்! அந்தப் பெண்ணின் பெயர் அடியோடு போயிருக்கிறது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அன்று மதியம் நான் சாப்பிடப் போகவில்லை. சனிக்கிழமைதோறும் டேப்பில் எடுத்து வைக்கும் நகலிலிருந்து அவர் பதிவை மீட்டேன். திருத்திய பட்டியலில் நானே கையெழுத்துப் போட்டு மெட்ராஸுக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். பிறகு பதினோரு பேரின் அட்மின் உரிமையையும் பிடுங்கினேன். முதலில் மேனேஜருடையதை. கடைசியில் அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு யூசரைச் சேர்த்து, தன் பதிவைப் பார்க்கிற உரிமையை அவருக்குக் கொடுத்தேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் நம்பர் தெரியும்.

சாயங்காலம் மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். “பழம் பறிக்கறவளுக்கு சர்வர்ல என்னம்மா வேலை?”

“அவங்க பேரு இருக்குதான்னு பாக்கறதுங்க சார்.”

“எங்களுக்கெல்லாம் திருப்பிக் குடு. இல்ல, ராஜினாமா எழுதிக் குடு.”

பேப்பரை எடுத்தேன். பயந்து எடுக்கவில்லை. எழுதிவிட்டுப் போவோம் என்றுதான் எடுத்தேன். அப்போது ஹெட் ரைட்டர் தன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“எனக்கு வேண்டாமுங்க சார். அந்தப் புள்ளயே வெச்சுக்கட்டும்.”

இருபது வருட ஆளே வேண்டாம் என்ற பிறகு, வேண்டும் என்று கேட்க மற்றவர்களுக்கு வாய் வரவில்லை. மேனேஜர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். அந்த வாரமே மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. கரடியூர்க்காரர் நிரந்தரமானார்.

அடுத்த சனிக்கிழமை அவர் தன் நம்பரைப் பார்க்க வந்தார். கூடவே ஆறு பெண்கள். எங்களுக்கும் பார்க்க வேண்டும் என்றார்கள். மேனேஜர் தன் அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முறைத்துக்கொண்டிருந்தார். ஆறு பேருக்கும் கொடுத்தேன்.