ஸ்டெல்லா டீச்சர் நாவல் எழுதிய கோடை

போன வாரம் என் மகள் ஒரு புது நாவலை ஒரே நாளில் படித்து முடித்துவிட்டு எனக்குக் கதை சொன்னாள். கணவன் மனைவிக்குள் ஒத்துப்போகவில்லை. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். போன இடத்தில் தான் யாரென்று தெரிந்துகொள்கிறாள். "உங்க காலத்துல இப்படியெல்லாம் யாரும் எழுதியிருக்க மாட்டாங்கம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தகத்தை வாங்கி முகர்ந்து பார்த்தேன். இந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. புத்தகக் கடைகளில் முறைக்கிறார்கள்.

அச்சு வாசனை வந்தால் எனக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்து ஒன்று வந்துவிடும். அங்கே மாடிப்படிக்குக் கீழே ஒரு டி.டி.பி. கடை. இரண்டு கம்ப்யூட்டர், சூடேறினால் நின்றுவிடும் ஒரு பிரின்டர், இருபத்திரண்டு வயதில் நான். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். உட்கார இடமிருந்தாலும் காவிரிப் பாலத்தில் எழுந்து நின்றுகொள்வேன். காற்றுக்காக என்று சொல்லிக்கொண்டாலும், நின்றால்தான் வேலைக்குப் போகிற பெண் மாதிரி இருக்கிறது என்று ஒரு நினைப்பு. அடித்ததென்னவோ கல்யாணப் பத்திரிகையும் காதணி விழா நோட்டீசும்தான்.

அந்தக் கடைக்குத்தான் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு, பக்கத்துப் பள்ளியில் வேலை. பிரவுன் அட்டை போட்ட ஐந்து நீள நோட்டுகளை மேஜையில் வைத்தார். எல்லாவற்றிலும் 'ஏழாம் வகுப்பு வரலாறு' என்று எழுதியிருந்தது. வீட்டில் யாரும் திறந்து பார்க்காமலிருக்க அந்த ஏற்பாடு. உள்ளே இருந்தது நாவல்.

லூசி என்று ஒருத்தி. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். கணவன் குடிப்பவனில்லை, அடிப்பவனில்லை. அவளிடம் எதையும் கேட்காதவன், அவ்வளவுதான். சாப்பிடுவான், தட்டை அப்படியே விட்டுவிட்டுப் பேப்பரை விரிப்பான். டீச்சரின் கணவர் அந்தோணிசாமி சார் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார் என்பதும், லூசியின் கணவனும் அங்கேதான் வேலை பார்த்தான் என்பதும் எனக்கு இரண்டாவது நோட்டில் உறைத்தது. நான் கதையில் மூழ்கிப்போய், தட்டை விட்டுவிட்டு எழுந்த என் அப்பாவிடம் மூன்று நாள் பேசவில்லை. பாவம், அவருக்குக் கடைசிவரை காரணம் தெரியாது.

ஐந்தாவது நோட்டின் முடிவில் லூசி வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். 'லூசி அழவில்லை' என்று டீச்சர் எழுதியிருந்தார். வேகத்தில் வ-வுக்குப் பதில் என் விரல் க-வில் விழுந்துவிட்டது. 'லூசி அழகில்லை' என்றே பிரின்ட் எடுத்து உறையில் போட்டு வைத்தேன்.

அன்று டீச்சருக்குப் பரீட்சை வேலை. உறையில் இருப்பது கேள்வித்தாள் என்று சொல்லி, வாங்கி வர சாரை அனுப்பிவிட்டார். அவர் உறையை வாங்கிய நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஸ்டூலில் உட்கார்ந்தார், பொழுது போக உறையைப் பிரித்தார். கேள்வித்தாளை வெளியாள் பார்க்கக் கூடாது சார் என்று ஏதோ உளறினேன். அதற்குள் முதல் பக்கம் முடிந்துவிட்டது. நான் ஒரே மாப்பிள்ளையின் பெயரை ஒரு பத்திரிகையில் நான்கு இடத்தில் அடித்தேன். மழை விட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

எல்லாத் தாளையும் படித்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"இது தப்பும்மா. திருத்திடுங்க."

அவர் விரல் 'லூசி அழகில்லை'யில் இருந்தது. அது அழவில்லை என்று இருக்க வேண்டும் சார், என் தவறு என்றேன்.

"அழுதாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் பார்க்கலை. ஆனா அழகுதான்."

உறையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேன் என்று தீர்மானமே செய்துவிட்டேன். மறுநாள் டீச்சர் வீங்கிய கண்ணோடு வருவார் என்று பார்த்தால், மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தார். சார் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாராம், தட்டைத் தானே கழுவி வைத்தாராம். பிறகு எதிரில் உட்கார்ந்து, உனக்கு என்ன வேணும் என்று கேட்டாராம்.

"பதினெட்டு வருஷமா அந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன். கேட்டதும் பதிலே வரலை. ஒரு நாள் டைம் கேட்டிருக்கேன்."

யோசித்துச் சொன்ன பதில் இதுதான்: ஒரு மாதம், தனியாக, கதையை முடிக்க. பள்ளி விடுமுறை தொடங்கியது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு மாடி அறை பிடித்துக் கொடுத்தேன். வீட்டுக்கார மாமிக்கு ஒரே நிபந்தனை, அசைவம் கூடாது. சாரே மொபெட்டில் பெட்டியைக் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார்.

அந்த மாதம் டீச்சர் காலையில் எழுதினார். மதியம் கதவைத் தாழிட்டுத் தூங்கினார். மாலையில் காவிரிக்கரை அம்மா மண்டபம்வரை தனியாக நடந்தார். ஒருநாள் என்னிடம் ஏதோ பெரிய ரகசியம்போலச் சொன்னார்: "எனக்கு டீதான்மா பிடிக்குது. அவரு காபி குடிப்பாருன்னு நானும் குடிச்சிட்டிருந்திருக்கேன்."

ஞாயிறு பூசை முடிந்ததும் சார் வருவார். கையில் டிபன் கேரியர், உள்ளே அவரே வைத்த மீன் குழம்பு. மாமி வீட்டுக்குள் போக முடியாதே. தெருமுனையிலேயே நிற்பார். மூன்று பேரும் கொள்ளிடம் மணலுக்குப் போவோம். முதல் வாரம் வாயில் வைக்க முடியாத உப்பு. டீச்சர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, ஆற்றுத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். இந்த வாரம் என்ன எழுதினாய் என்று அவர் கேட்பார், டீச்சர் வாசிப்பார். நான் நாகரிகமாகத் தள்ளி உட்காருவேன். ஆனால் மீன் இருக்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம்தான் தள்ளி உட்கார முடியும்?

அந்தக் கோடையில்தான் என்னைப் பெண் பார்க்க மருங்காபுரிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். கல்யாணத்துக்குப் பின் வேலை வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், நானும் தலையாட்டியிருந்தேன். பஜ்ஜித் தட்டோடு நின்றபோது, நான் வேலையை விட மாட்டேங்க என்று என் வாய் தானாகச் சொன்னது. பஜ்ஜியை முடித்துவிட்டுத்தான் போனார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அப்பா திட்டினார், எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி ஊஞ்சலாடியது.

ஆறாவது நோட்டு வந்தது. லூசி திரும்பிப் போகவில்லை. ஆனால் ஜூனில் பள்ளி திறந்ததும் டீச்சர் பொன்மலைக்குத் திரும்பிவிட்டார். ஏன் டீச்சர் இப்படி என்று கேட்டேன்.

"லூசி புருஷன் கடைசிவரைக்கும் ஒண்ணும் கேக்கலையேம்மா. இவரு கேட்டுட்டாரு."

நாவல் சிறிய புத்தகமாக வந்து, சிலர் படித்தார்கள். சார் இறந்து சில வருடங்களாகின்றன. டீச்சர் மகளோடு வெளியூரில் இருக்கிறார். போனில் பேசும்போது இப்போதும் டீ குடிக்கும் சத்தம் கேட்கும். கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். தன் வாழ்க்கையைக் கையால் எழுதி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் அடிக்கக் கொடுக்க வேண்டிய அவசியம் இன்று யாருக்கும் இல்லை.

நேற்று மகளைக் கொள்ளிடத்துக்கு அழைத்துப் போனேன். அடையாளத்துக்கு இருந்த பழைய பாலம் இல்லை. நாங்கள் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தைக் காட்டலாம் என்று கரையோரம் வெகுதூரம் நடந்தேன். மணல் இருந்தால்தானே காட்டுவதற்கு.